மகன் சேர்த்த மைலில் கொல்லிமலை

எங்கள் வீட்டு வாசலில் நின்றால் கொல்லிமலை தெரியும். காளப்பநாயக்கன்பட்டியில் யார் வீட்டு வாசலில் நின்றாலும் தெரியும். மேலே போகிற பஸ்ஸும் எங்கள் தெரு முனையில்தான் நின்று போகும். அந்த மலைக்குப் போக நான் திருச்சி விமான நிலையத்துக்குப் போய்க் கார் எடுத்துக்கொண்டு, திரும்ப என் வீட்டு வாசலைத் தாண்டிப் போனேன் என்றால் சிரிப்பீர்கள். எங்கள் தெருவிலும் சிரித்தார்கள்.

என் மகன் செந்தில் மஸ்கட்டில் இருக்கிறான். கம்பெனி வேலையாக மாசத்துக்கு நாலு தடவை விமானத்தில் ஏறி இறங்குகிறவன். பெண்டாட்டி பிள்ளையோடு அங்கே இருக்கிறான் என்று பேர், பாதி நாள் அவர்களையும் விட்டுவிட்டு எங்கேயோ பறந்துகொண்டிருப்பான். ஒரு நாள் போனில் கூப்பிட்டு, "அம்மா, எனக்கு மைல் நெறையாச் சேந்து கெடக்குது. எடுக்காட்டி இந்த மாசத்தோட போயிரும். லீவுல வாரேன். அந்த மைல்லயே திருச்சியில கார் எடுத்து உன்னையக் கொல்லிமலைக்குக் கூட்டிட்டுப் போறேன். செல்லாயிக்காவைப் பாத்துட்டு வரலாம்" என்றான்.

மைல் என்றால் எனக்குத் தெரியும். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். எட்டு பர்லாங்கு ஒரு மைல். ஆகாயத்தில் அவன் பறந்ததையெல்லாம் விமானக்காரர்கள் எழுதி வைத்திருந்து, 'எங்களோடு இத்தனை மைல் வந்தாய், அதற்கு ஈடாக இத்தனை மைல் தரையில் காரில் போய்க்கொள்' என்று கொடுக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். நியாயமாகத்தான் பட்டது. சரியா தப்பா என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

செல்லாயி யார் என்று சொல்ல வேண்டும். செந்திலின் அப்பா போன பிறகு, கைக்குழந்தையோடு மலை மேலே பிள்ளைகள் விடுதியில் சமையல் வேலைக்குப் போனேன். அரசாங்க வேலை. கூட வேலை பார்த்தவள் செல்லாயி, மலையிலேயே பிறந்தவள், அங்கே குண்டனி நாடு என்கிற ஊர்ப்பக்கத்துக்காரி. எண்பது பிள்ளைகளுக்கு நாங்கள் ரெண்டு பேர். அவள் விறகு தள்ளுவாள், நான் சோறு கிளறுவேன். செந்தில் அவள் முதுகில்தான் வளர்ந்தான். குளிர் காலத்தில் அடுப்பு மூட்டியதும் முதல் வேலையாக, பிள்ளையைத் தூக்கி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைப்பாள். அந்த வெந்த அரிசி வாசனையும் பச்சை விறகுப் புகையும் இப்போதும் எங்கேயாவது வந்தால் நான் நின்றுவிடுவேன்.

ஏழு வருசம் என்னைக் கூப்பிட்டாள். "எங்க ஊட்டுக்கு ஒரு நாளைக்கு வா பழனி. சாமைச்சோறு ஆக்கிப் போடறேன்." வாரேன் வாரேன் என்பேன். போனதே இல்லை. வேலை என்று சாக்குச் சொல்வேன், நிசம் அதுவல்ல. அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து கை நனைக்க எனக்குக் கூச்சம்.

பையனின் படிப்புக்காகக் கீழே மாற்றல் கேட்டேன், கிடைத்தது. கடைசி நாள் காலையில் செல்லாயி சொன்னாள். "சாயங்காலம் நம்மூட்டுலதான் சாப்பாடு. புள்ளையக் கூட்டிட்டு வந்துரு." நான் வாரேன் என்றேன். சமைப்பதற்காக அவள் முன்னாடியே வீட்டுக்குப் போய்விட்டாள். மத்தியானம் அன்னாசிப்பழ லாரி ஒன்று கீழே கிளம்பியது. வார்டன், இதிலேயே சாமானை ஏற்றிக்கொண்டு போங்கள் என்றார். ஏறி உட்கார்ந்துவிட்டேன். ரெண்டு மைல் தள்ளி அவள் வீடு. ஒரு ஆளிடம் சொல்லி அனுப்பக்கூட வாய் வரவில்லை.

அது ஆச்சு முப்பது வருசம். முதல் வருசமே போயிருந்தால் சாதாரணமாகப் போயிருக்கும். அஞ்சு வருசம் ஆனதும் கூச்சமாகிவிட்டது. பத்து வருசம் ஆனதும் பயமாகிவிட்டது. பஸ் தினமும் தெரு முனையில் நின்று ஹாரன் அடித்துவிட்டுப் போகும்.

செந்தில் வருகிற வாரம், திங்கட்கிழமை சந்தையில் வாழைப்பழம் விற்கிற மலைக்காரி ஒருத்தி சொன்னாள். "செல்லாயியைத் தெரியும்தானுங்க? அவ மகன் திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போறானுங்க. வர்ற ஞாயித்துக்கிழமை. ஊட்டைப் பூட்டிச் சாவியக் குடுத்தர்றாங்க."

அந்த வீட்டில் அடுப்பு எரிவது சனிக்கிழமை வரைக்கும்தான். நான் அதற்குள் போக வேண்டும்.

மறுநாளே செந்தில் கூப்பிட்டான். லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். குரல் கம்மியிருந்தது. "ஆனா காரு புக் பண்ணுனது பண்ணுனதுதான். வேண்டாம்னு சொன்னாலும் மைலைத் திருப்பித் தர மாட்டாங்க. மாமாவுக்கு லைசென்ஸ் இருக்குதில்ல? அவருகிட்டப் பேசிட்டேன். நீ, மாமா, அத்தை மூணு பேரும் போயிட்டு வாங்க." மாமா என்றது அவனுடைய மாமனாரை. ராசிபுரத்துக்காரர். நாற்பது வருசம் லாரி ஓட்டியவர்.

இங்கே ஒரு சங்கடம். சம்பந்தியய்யாவிடம் நான் நேராகப் பேசியது கிடையாது. கல்யாணம் ஆகி ஒன்பது வருசத்தில் அவர் 'நல்லாருக்கீங்களா' என்று கேட்டால் நான் சம்பந்தியம்மாவைப் பார்த்து 'நல்லாருக்கேனுங்க' என்பேன். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். அவர்களும் ஏதோ சுற்றிப் பார்க்கிற பயணம் என்று நினைத்தார்கள். செல்லாயியைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வியாழக்கிழமை திருச்சிக்குப் பஸ்ஸில் போனோம். விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. சம்பந்தியம்மா ரெண்டு தடவை உள்ளே போய் வெளியே வந்தார். கார் கொடுக்கிற கம்பெனிக்கு ஒரு ஓரத்தில் மேசை போட்டிருந்தது. அங்கே ஒரு பெண், கழுத்தில் பட்டையோடு, ரொம்பப் பதவிசாகப் பேசியது.

"புக் பண்ணுனவங்க யாருங்க? அவங்க நேர்ல வரணுமே."

"அவரு மஸ்கட்டுல இருக்காருங்க" என்றார் சம்பந்தியய்யா. "நான் மாமனாரு. பொண்ணு குடுத்தவன்."

"இல்லீங்க சார், பேரு ஒண்ணா இருக்கணும். மாமனாருக்குன்னு இதுல கட்டம் இல்லைங்க."

"பொண்ணையே நம்பிக் குடுத்திருக்கறேன், ஒரு காரைக் குடுக்க மாட்டீங்களா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டது. ஆனாலும் கொடுக்கவில்லை. அப்புறம் கார்டு கேட்டது. சம்பந்தியய்யா பையைத் துழாவி ரேஷன் கார்டை எடுத்து வைத்தார். "இதுல நாலு பேரு இருக்கறோம், யாரு பேரு வேணும்னாலும் எடுத்துக்க கண்ணு" என்றார். அது கேட்டது பாங்கியின் கடன் அட்டை.

செந்திலுக்குப் போன் போட்டு, அவன் தன் அட்டை நம்பரைச் சொல்லி, விமானக்காரர்களுக்குப் போன் போட்டு, அவர்கள் அவனை வரிசையில் நிற்க வைத்துப் பாட்டுப் போட்டு, எல்லாம் முடிய மத்தியானம் ஆனது. பக்கத்தில் மலேசியாவிலிருந்து இறங்கிய ஒரு குடும்பம் பெட்டி வரவில்லை என்று சீனத்திலோ எதிலோ சண்டை போட்டுக்கொண்டிருந்தது. பேச்சு புரியவில்லை, முகம் புரிந்தது. நான் கட்டுச்சோற்றை அவிழ்த்தேன். புளிச்சோறும் வறுத்த மிளகாயும். அந்த மேசைப் பெண்ணுக்கும் ஒரு மூடியில் வைத்து நீட்டினேன். வேண்டாம் என்று சொல்லி, அப்புறம் வாங்கிக்கொண்டது.

கடைசியில் செந்தில் போனில் சொன்னான். "பேரு மாத்தறதுக்கு ரெண்டாயிரம் மைல் புடிச்சுட்டாங்கம்மா."

 ரெண்டாயிரம் மைல் என்றால் காசியே வந்துவிடுமே! ஒரு பேரை அடித்து இன்னொரு பேர் எழுதவா?

"சரி விடு. மிச்சம் நூத்தி அறுபது மைல்தான் நிக்குது. அதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. நீ கவலைப்படாமப் போயிட்டு வா" என்றான்.

கவலைப்படாமல் எப்படிப் போவது? மலைக்குப் போக, வர, திரும்பத் திருச்சிக்குக் கொண்டுவந்து விட, எல்லாம் நூற்றி அறுபதுக்குள் அடங்க வேண்டும். அதற்கு மேலே ஓடினால் என்ன செய்வார்கள் என்று யோசித்தேன். வண்டி நின்றுவிடுமோ என்பதுகூடப் பெரிசாக இல்லை. கூடுதல் மைலை என் மகன் மறுபடி பறந்து பறந்து அடைப்பான். ஒவ்வொரு மைலும் அவன் ஊட்டை விட்டு, பிள்ளையை விட்டுப் பறந்தது. அதை நான் கண்டபடி செலவு பண்ணலாமா?

செந்தில் பெரிய வண்டி கேட்டிருந்தான். வந்தது ஒரு சின்ன வெள்ளைக் கார். "அதே மாதிரி வண்டிதாங்க" என்றார்கள். நம்பர் போர்டு கருப்பு, எழுத்து மஞ்சள். வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டுகிற வண்டி என்று அடையாளமாம். வழியில் போகிறவன் எல்லாம் திரும்பிப் பார்த்தான். கிளட்சும் இல்லை. சம்பந்தியய்யாவின் இடது கால் நாமக்கல் வரைக்கும் கிளட்சைத் தேடிக்கொண்டே வந்தது. "நாப்பது வருசம் உழைச்ச காலுங்க. திடீர்னு ரிட்டேர்மெண்டு குடுத்துட்டாங்க" என்றார்.

முன்கண்ணாடிக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு கருப்புப் பெட்டி இருந்தது. நாமக்கல் ரவுண்டானாவில் திரும்பும்போது அது முதல் தடவை 'டிங்' என்றது. எனக்குப் புரிந்துவிட்டது. மைல் வெட்டுகிறது.

அன்று அவர்கள் எங்கள் வீட்டிலேயே தங்கினார்கள். கார் வாசலில் நின்றது. மலை அதற்குப் பின்னால் நின்றது.

வெள்ளிக்கிழமை காலையில் ஏறினோம். காரவள்ளி தாண்டியதும் வளைவு தொடங்கியது. எழுபது வளைவு. முதல் வளைவில் 'டிங்'. ரெண்டாவதில் 'டிங்'. நான் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவே இல்லை. முப்பது வருசம் கழித்துப் போகிறேன், மூங்கில் புதர் போகிறது, குரங்கு உட்கார்ந்திருக்கிறது, எனக்குக் காதெல்லாம் பெட்டியில்தான். பத்து டிங்குக்கு முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டேன்.

சமதரையில் அவ்வளவு தூரம் வந்தும் ஏழெட்டுத்தான் வெட்டியது, மலையில் இப்படி வெட்டுகிறதே என்று யோசித்தேன். அதற்கும் எனக்கு ஒரு பதில் கிடைத்தது. அந்தக் காலத்தில் மலையில் ஒரு மைல் நடந்தால் கீழே மூன்று மைல் நடந்த அலுப்பு இருக்கும். மலை மைல் குட்டை. விமானக்காரர்கள் அதைக்கூடக் கணக்கில் எடுத்திருக்கிறார்களே, கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மேலே போய்ச் சேர்ந்தபோது காற்று முகத்தில் பட்டது. அதே காற்று. ஈரமும் மிளகுக்கொடி வாசமும். விடுதி இருந்த பக்கம் வண்டி போகும்போது கழுத்தைத் திருப்பினேன். ஓட்டுக் கட்டடம் போய் மாடிக் கட்டடம் நின்றது. சமையலறைக்குப் பக்கத்தில் நாங்கள் பாத்திரம் கழுவும் கல்லுக்கு மேலே ஒரு பலாமரம் உண்டு. அது மட்டும் அப்படியே நின்றது. "நிறுத்துங்க" என்று சொல்லத் தோன்றியது. நிறுத்தித் திரும்பினால் ரெண்டு டிங் ஆகும். விட்டுவிட்டேன்.

சம்பந்தியம்மாவுக்கு எல்லாம் பார்க்க வேண்டும். கோயிலுக்குப் போனோம். வழியில் முடவாட்டுக்கால் சூப் விற்றார்கள். பார்க்க ஆட்டுக்கால் மாதிரி ரோமம் வைத்த கிழங்கு, பாறையில் முளைப்பது. மிளகு தட்டிப் போட்டுச் சுடச்சுடக் கொடுத்தார்கள். விடுதியில் யாருக்காவது கால் வலி என்றால் செல்லாயிதான் இதை இடித்துக் கஷாயம் வைப்பாள். இந்தச் சூப்பில் உப்பு கூடுதல். சம்பந்தியம்மா ரெண்டு டம்ளர் குடித்துவிட்டு, "ஏனுங்க, முட்டி வலி இப்பவே கொறைஞ்ச மாதிரி இருக்குதுங்க" என்றார். "அப்ப நீ நடந்தே எறங்கு, காரு லேசாப் போகும்" என்றார் சம்பந்தியய்யா.

அங்கிருந்து வாசலூர்பட்டி, படகு விடுகிற ஏரி. அதற்குள் பதினொரு முடிச்சு ஆகியிருந்தது. நூற்றிப் பத்து. மிச்சம் ஐம்பது. இறங்க மட்டுமே எழுபது வளைவு வேண்டும். குண்டனி நாட்டுக்கு வழியே இல்லை.

அவர்கள் மிதிபடகில் ஏறினார்கள். நான் தண்ணீர் ஆகாது என்று கரையில் காருக்குப் பக்கத்தில் நின்றேன். வடக்கத்திக் குடும்பம் ஒன்று கரையில் சண்டை போட்டது. சம்பந்தியய்யா லாரியில் வடக்கே எல்லாம் போய் இந்தி தெரிந்தவர், அப்புறம் அதை எங்களுக்குச் சொல்லிச் சிரித்தார். அந்தப் பெண் புருசனைக் கேட்டாளாம், 'எழுபது வளைவு சுத்திக் கூட்டியாந்து ஒரு குளத்தைக் காட்டுறியே, நம்மூருல குளம் இல்லியா?'

நான் மலைக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். ரெண்டு மேடு தாண்டினால் செல்லாயி வீடு. வெயில் சாயத் தொடங்கிவிட்டது. இன்றைக்கு இறங்கிவிட்டால் நாளைக்கு வண்டியைத் திருச்சியில் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவள் வீடு பூட்டு. அன்றைக்கு லாரியில் உட்கார்ந்திருந்த மாதிரியே இன்றைக்கும் நின்றுகொண்டிருக்கிறேன் என்று தோன்றியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியய்யா மட்டும் வந்தார். சம்பந்தியம்மாவுக்குக் குளிருகிறது, சால்வை வேண்டுமாம். கார்க் கதவைத் திறந்தார். நடுவில் பேச ஆள் இல்லை.

"ஏனுங்க" என்றேன்.

அவர் சால்வையோடு அப்படியே நின்றுவிட்டார். யாரோ பின்னால் கூப்பிட்டார்கள் என்று நினைத்துத் திரும்பிக்கூடப் பார்த்தார்.

"இன்னும் எத்தனை மைல் மிச்சமிருக்குதுங்க?"

"எதுலீங்க சம்பந்தி?"

"செந்தில் மைல்லீங்க. நூத்திப் பத்து வெட்டிருச்சுங்க. எனக்குக் குண்டனி நாடு வரைக்கும் போகோணும்." சொல்லிவிட்டு முந்தானை முடிச்சைக் காட்டினேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சம்பந்தியம்மாவைக் கை தட்டிக் கூப்பிட்டார். அவருக்கும் புரியவில்லை. செந்திலுக்குப் போன் போட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்கள்.

செந்தில் முதலில் சிரித்தான். "அம்மா, அது தூரம் இல்லம்மா! பேருதான் மைல். பரிசுப் புள்ளி மாதிரி. கார் எடுக்கும்போதே அது முடிஞ்சு போச்சு. நூத்தி அறுபதுல ஒரு தண்ணி பாட்டில்கூட வாங்க முடியாது."

"அப்ப டிங்கு டிங்குன்னு வெட்டுதே கண்ணு?"

"அது மைல் வெட்டறதில்லம்மா. வண்டியச் சடக்குனு திருப்புனா கம்பெனிக்காரன் வெச்ச பெட்டி கத்தும். ஓட்டறவரை எச்சரிக்கை பண்றது."

"யாரை? என்னையவா?" என்றார் சம்பந்தியய்யா. "நாப்பது வருசம் லாரி ஓட்டுனவனைக் காலையில இருந்து இந்த டப்பா திட்டிட்டு வருதா?"

"நான் பெல்ட்டு போடலைன்னு கத்துதுன்னு நெனச்சேனுங்க" என்றார் சம்பந்தியம்மா. "நாலு தரம் இறுக்கிக் கட்டி மூச்சே நின்னுபோச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போது செந்தில், "சரிம்மா, செல்லாயிக்காவைப் பாத்தாச்சா?" என்றான்.



"யாருங்க செல்லாயி?" என்றார் சம்பந்தியம்மா.

போனைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். விடுதி, லாரி, சாமைச்சோறு, ஞாயிற்றுக்கிழமை, எல்லாம். அவ்வளவு பேச்சை நான் ஒரே மூச்சில் பேசியது அதுதான் முதல் தடவை. செந்திலுக்கே அந்த விருந்துக்குப் போகாத கதை தெரியாது. போனில் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

சம்பந்தியய்யா கார்க் கதவைத் திறந்துவிட்டார். "காலையிலயே சொல்லியிருந்தா இந்தக் குளத்துல ரெண்டு பேரும் மிதிச்சிட்டு இருந்திருக்க மாட்டமுங்களே. ஏறுங்க சம்பந்தி."

அந்த ரோட்டில் பெட்டி எத்தனை தடவை கத்தியது என்று எனக்குத் தெரியாது. முந்தானை முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். சாமைக் கொல்லை, வாழை, மரத்தில் ஏறிய மிளகுக்கொடி. தார் ரோடு முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தினார். மண் ரோட்டில் போகக் கூடாது என்று கார்க் கம்பெனி கொடுத்த தாளில் எழுதியிருந்ததாம். மிச்சத்தை நடந்தோம்.

வாசலில் ஒருத்தி குனிந்து உட்கார்ந்து கோணிமூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க வெள்ளை. பக்கத்தில் இன்னும் ரெண்டு மூட்டை. நான் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டேன்.  அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை. கோணி ஊசியை நூலோடு மூட்டையில் குத்தி நிறுத்தினாள்.

"சோறு ஆறிப்போச்சு, பழனி" என்றாள்.

நான் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கையைப் பிடித்தேன். விறகு தள்ளித் தள்ளிக் காய்த்துப்போன அதே கை. "அன்னைக்கு ரொம்ப நேரம் பாத்தியா?" என்று கேட்டேன்.

"இருட்டுற வரைக்கும் மூடி வெச்சிருந்தேன்."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, ஆட்டுக்கு வெச்சேன். எங்க ஊட்டு ஆடு ஒரு நாளைக்கு விருந்து சாப்பிட்டுது. நீ வராததுல அதுக்குத்தான் சந்தோசம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.  அப்புறம், "புள்ளை எங்க?" என்றாள்.

செந்திலுக்குப் போன் போட்டுக் கொடுத்தோம். "டேய், முதுகுல ஒண்ணுக்கு இருந்தவனே" என்று ஆரம்பித்தாள். சம்பந்தியய்யா மரியாதையாகத் தள்ளிப் போய் நின்றார்.

பாத்திரம் எல்லாம் மூட்டைக்குள் போயிருந்தது. "நாளைக்குச் சாமான் எடுக்க வண்டிக்காரன் வந்துருவான், எல்லாம் கட்டியாச்சு. காப்பி மட்டும் வெக்கறேன், குடிச்சுட்டுப் போங்க" என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. "சாமைச்சோறு ஆக்கு" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. அடுத்தவர் வீட்டில் இன்னது வேண்டும் என்று நான் கேட்டது கிடையாது.

செல்லாயி என்னை ஒரு நிமிசம் பார்த்தாள். அப்புறம் தைத்த நூலை அருவாளால் அறுத்தாள்.

குண்டா வெளியே வந்தது. சம்பந்தியம்மா மொச்சை உரித்தார். நான் விறகு தள்ளப் போனேன். "உக்காரு பழனி. எங்க ஊட்டுல நீ விருந்தாளி" என்று அதட்டினாள். விருந்தாளியாக உட்கார எனக்குத் தெரியவில்லை. கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. எண்பது பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு நாங்கள் சட்டியின் அடிச்சோற்றை நின்றுகொண்டே தின்றவர்கள். அடுப்பில் பச்சை விறகு புகைந்தது. கண் எரிந்தது, அது வசதியாகப் போயிற்று.

கொல்லையில் அறுத்த வாழை இலையில் சாமைச்சோறு, மொச்சைக் குழம்பு, தட்டிப் போட்ட பச்சை மிளகு. சோறு கொஞ்சம் குழைந்திருந்தது. சொல்லலாமா என்று பார்த்தேன். செல்லாயியே, "தண்ணி ஒரு கை கூடிப்போச்சு, நீ இருந்தா அளவாப் போட்டிருப்பே" என்றாள். சம்பந்தியய்யா மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். இருட்டில் எழுபது வளைவு இறங்க மாட்டேன், அந்த டப்பா ஒரு பக்கம் திட்டும் என்று சொல்லிவிட்டார். அங்கேயே படுத்தோம்.

சனிக்கிழமை காலையில் மிச்சச் சோற்றில் மோர் ஊற்றிக் கொடுத்தாள். பாத்திரங்களைக் கழுவி மறுபடி மூட்டையில் வைத்தோம். சம்பந்தியய்யா ஊசி வேண்டாம் என்று சொல்லி, கயிறு வாங்கி, தார்ப்பாய்க்குப் போடுகிற லாரிக் கட்டாகப் போட்டுக் கொடுத்தார். "இது திருப்பூருல்ல, டில்லி போனாலும் அவிழாதுங்க" என்றார்.

கிளம்பும் நேரம் வந்தது. நான் "வாரே..." என்று ஆரம்பித்தேன். செல்லாயி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே வரவில்லை.

"திருப்பூருல எந்த ஸ்டாப்புல எறங்கோணும்?" என்று கேட்டேன்.

அவளுக்குத் தெரியவில்லை. மகனுக்குப் போன் போட்டுக் கேட்டாள். எழுதக் காகிதம் இல்லை. காரில் இருந்த கம்பெனித் தாளின் பின்பக்கம் நான் எழுதிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஏற வேண்டிய பஸ் நம்பர், ஸ்டாப் பேர், மில்லுக்கு எதிரில் எத்தனையாவது சந்து. அஞ்சாவது படித்த கையெழுத்துதான். செல்லாயி தலையை நீட்டி, படிக்கத் தெரியாவிட்டாலும், நான் எழுதி முடிக்கிற வரைக்கும் பார்த்தாள்.

திருச்சியில் அதே பெண் அதே மேசையில் இருந்தது. வண்டியைச் சுற்றி வந்து கீறல் பார்த்தது. சக்கரத்தில் சேறு என்றது, தார் ரோட்டிலேயே சேறு இருந்தது என்றார் சம்பந்தியய்யா. பெட்டி எத்தனை தடவை கத்தியது என்று கம்ப்யூட்டரில் வந்திருந்தது போல. அவரை ஒரு மாதிரி பார்த்தது. கடைசியில், "வண்டியோட தாள் குடுங்க" என்றது.

சம்பந்தியய்யா என்னைப் பார்த்தார். தாள் என் மடியில் இருந்தது.

"அதைக் குடுக்க முடியாதுங்க" என்றேன். "அதுல பின்னாடி எனக்கு வேண்டியது எழுதியிருக்குதுங்க."

வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் படித்தது. என்ன நினைத்ததோ, முன்பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு தாளை என்னிடமே கொடுத்தது. "புளிச்சோறு நல்லா இருந்துச்சுங்க" என்றது.

அன்று சாயங்காலம் செந்தில் கூப்பிட்டான். "இந்த மாசமும் நெறையா டிரிப் இருக்குதும்மா. மறுபடி மைல் சேந்திரும்" என்றான். "சேக்க வேண்டாம் கண்ணு. சேத்த வரைக்கும் போதும், ஊட்டுல இரு" என்றேன்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, நாமக்கல்லில் திருப்பூர் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மடியில் அந்தத் தாளும் ஒரு டப்பா புளிச்சோறும். கண்டக்டர் வந்து, "எங்கீங்க போகோணும்?" என்றார். சொன்னேன். அவர் காதில் விழவில்லை. இன்னொரு தடவை, பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னேன்.